இடப்பக்க இருக்கை காலியாகும் நாள்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டிப் பழகுபவரின் காலடியில். இன்னொன்று இடப்பக்கம் அமர்ந்திருக்கும் பயிற்றுநரின் காலடியில். பழகுபவரின் கண் சாலையில் இருக்கும். பயிற்றுநரின் கண் சாலையிலும் பழகுபவர் மீதும் இருக்கும். ஒருநாள் அந்த இடப்பக்க இருக்கை காலியாகிறது. அதே கைகள், அதே கால்கள், அதே சாலை. நேற்றுத் தனியாக ஓட்டியிருந்தால் குற்றம். இன்று ஓட்டினால் உரிமை. நடுவில் என்ன நடந்தது?

தகுதி என்பது ஒருவருக்குள் விளைவதா, பிறர் கொடுப்பதா? தீட்சைக்கு உரியவர் யார், துறவுக்கு உரியவர் யார், குரு எப்போது விலகலாம் என்று மடங்களிலும் விகாரைகளிலும் நூற்றாண்டுக் கணக்கில் அலசப்பட்ட கேள்வி இது. இன்று அதே கேள்விக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில், வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு, நாள்தோறும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சென்னைப் புறநகரில் கார் பழக வரும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மகன் வெளியூர்க் கல்லூரியில். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் ஆட்டோவுக்கு நின்று நின்று அலுத்துப்போய், வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காரைத் தானே ஓட்டுவது என்று முடிவெடுத்தவர். இவரைப் போன்றவர்கள் எல்லா ஊர் டிரைவிங் ஸ்கூலிலும் இருக்கிறார்கள்.

முதல் படி, எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம். காருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கொரு சிறு தேர்வு உண்டு. போக்குவரத்துக் குறியீடுகள், சிக்னல்கள், வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை இவற்றோடு இன்னொன்றையும் அதில் கேட்கச் சொல்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி: உங்கள் வண்டியால் ஒருவர் இறந்துபோனாலோ காயம்பட்டாலோ உங்கள் கடமை என்ன? ஸ்டியரிங்கை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காதவரிடம் கேட்கப்படும் கேள்வி இது. தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால், ஓட்டத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே சாவைப் பற்றி விசாரிக்கிற ஒரு நடைமுறை, எதற்கு முன்னுரிமை தருகிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

அதன்பின் 'எல்' போர்டு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வண்டிக்கு முன்னும் பின்னும் அது தெரிய வேண்டும். பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். இப்படிக் குறைந்தது முப்பது நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வு. பழகுநர் உரிமத்தின் ஆயுள் ஆறு மாதம்.

இங்கே ஒரு பழைய புதிர் எட்டிப் பார்க்கிறது. ஓட்டத் தெரியாதவர் ஓட்டக் கூடாது. ஓட்டாமலோ ஓட்டக் கற்க முடியாது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் இதே முடிச்சைக் கையில் எடுத்தார். வீடு கட்டிக் கட்டியே கொத்தனார் உருவாகிறார், யாழை மீட்டி மீட்டியே யாழ்க் கலைஞர் உருவாகிறார், அறச்செயல்களைச் செய்து செய்தே அறவோர் உருவாகிறார் என்பது அவர் வாதம். உடனே ஒரு மறுப்பையும் அவரே எழுப்பிக்கொள்கிறார்: அறச்செயலைச் செய்பவர் ஏற்கெனவே அறவோர்தானே, பிறகு ஆவதற்கு என்ன இருக்கிறது? ஒருவர் இன்னொருவர் சொல்லித்தந்தபடி இலக்கணப் பிழை இல்லாமல் ஒன்றைச் சொல்லிவிடலாம். அதனால் அவர் இலக்கணம் அறிந்தவர் ஆகிவிடமாட்டார் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். செயல் ஒன்றாக இருக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

பழகுநர் கார் அந்தப் புதிரை இரும்பிலும் கம்பியிலும் அவிழ்த்து வைத்திருக்கிறது. அதற்கான விடைதான் இரண்டாவது பிரேக்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது நாள் வகுப்பு. மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன பேருந்து நின்றுவிட, காரும் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் ஒட்டி ஒரு வேன். பயிற்றுநர், இருபத்தைந்து வயதுப் பையன், பதறாமல் பேசுகிறார்: "ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கக்கா. ஃபர்ஸ்ட் கியர். இப்போ கிளட்ச்ச மெதுவா விடுங்க... பாதி போதும்... வண்டி லேசா அதிருது பாருங்க, அந்த இடத்துல காலை அப்படியே நிறுத்துங்க." அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை வருகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குகிறார். ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் கார் முன்னால் நகர்கிறது. பெண்ணின் முகமெல்லாம் சிரிப்பு. பாலத்தை இறங்கிய பிறகு பயிற்றுநர் சொல்கிறார்: "கடைசி நேரத்துல கொஞ்சம் நான் பிடிச்சேங்க்கா. அடுத்த தடவை பிடிக்கமாட்டேன்."

தான் நிறுத்தினோம் என்று அவர் நம்பிய கணத்தில் நிறுத்தியது வேறொரு கால். அந்த நம்பிக்கை பொய்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாமல் அவர் கால் அந்த அதிர்வைக் கற்றிருக்காது. பயத்தில் கிளட்ச்சை மொத்தமாக விட்டிருப்பார், வண்டி அணைந்திருக்கும்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: திரோதானம், மறைத்தல். இறைவனின் ஐந்தொழில்களில் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எல்லோருக்கும் பழக்கம். நான்காவதான மறைத்தல்தான் முதல் பார்வைக்குப் புரிபடாதது. உயிருக்கு நன்மை செய்ய விரும்பும் ஒருவர் தன்னை ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? சித்தாந்திகளின் விடை இது: எல்லாம் தானே செய்வதாக எண்ணி உயிர் உலகத்தில் ஈடுபட்டு, பட்டு, அனுபவித்தால்தான் அதன் மலம், அதாவது அதைப் பிணித்திருக்கும் அழுக்கு, பக்குவப்படும். அதுவரை அருள் தன் கையைக் காட்டாமல் உடன் நிற்கிறது. மறைப்பதும் அருளின் வேலையே. பக்குவம் வந்ததும் மறைத்து நின்ற அதே சக்தி அருட்சக்தியாக வெளிப்படுகிறது. ஐந்தாம் தொழிலான அருளல் அதுவே.

தில்லைக் கூத்தனின் திருமேனியில் இந்த இரண்டும் இரண்டு திருவடிகளாக இருக்கின்றன என்பது சித்தாந்த மரபு தரும் விளக்கம். முயலகன் மீது ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். கூத்தபெருமானை வணங்கிவிட்டுப் பழகுநர் காருக்குள் ஏறும் எவருக்கும் இந்த ஒற்றுமை உறைக்கும். பயிற்றுநரின் ஊன்றிய கால் பழகுபவர் அறியாமல் காக்கிறது. அந்தக் கால் பிரேக்கிலிருந்து எழும்பி நிற்பதுதான் அவர் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய கொடை. வேறெதையும் அவர் கையில் எடுத்துத் தருவதில்லை. காலை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே.

எப்போது எடுப்பது? சட்டம் நாள் கணக்கு சொல்கிறது. சித்தாந்தத்தில் நாள் கணக்கு கிடையாது. இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று அது மூன்று நிலைகளைச் சொல்லும்: நல்வினை தீவினை இரண்டின் பயனிலும் ஒரே மனநிலை, மலத்தின் முதிர்வு, அதன்பின் அருள் பதிதல். பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஒரு கதைக்குறிப்பு இருக்கிறது. அரசகுமாரன் ஒருவன் வேடர்களிடையே வளர்ந்து, தான் யாரென்றே மறந்துபோகிறான். உரிய காலத்தில் தந்தை வந்து உணர்த்துகிறார். ஐம்புலன்களாகிய வேடரிடையே வளரும் உயிருக்குக் குருவாக வந்து இறைவன் உணர்த்துவதும் இவ்வாறே என்பது கருத்து. அங்கே தந்தை அவனைப் புதிதாக அரசகுமாரன் ஆக்குவதில்லை. அவன் ஏற்கெனவே அரசகுமாரன். ஆனால் தந்தை வந்து சொல்லும்வரை அவனால் அரசகுமாரனாக வாழ முடியவில்லை. உள்ளே விளைந்திருப்பதும் வெளியிலிருந்து வரும் சொல்லும் இரண்டுமே வேண்டியிருக்கின்றன.

மைதானத்தில் அந்தச் சொல்லைச் சொல்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வாயில் அவர் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. இரு சக்கர வண்டிக்காரர்கள் கால் ஊன்றாமல் 'எட்டு' போட வேண்டும். கார்க்காரர்கள் ஓட்டிக் காட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். பல மைதானங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சடங்கு இது. ஆனால் தேர்வில் பார்க்க வேண்டியவை என்று அந்த 1989 விதிகளில் பதினைந்தாவது அடுக்கியிருக்கும் பட்டியல் நீளமானது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தல், எல்லா கியரையும் போட்டு ஓட்டுதல், ஏற்றத்தில் நிறுத்திப் பின்வாங்காமல் கிளம்புதல், நெருக்கடியில் நிறுத்துதல், பாதசாரிகள் கடக்கும் இடத்தில் உரியபடி நடந்துகொள்ளுதல். அதே பட்டியலில் முந்திச் செல்லத் தெரிவதோடு, பிறர் தன்னை முந்த இடம்கொடுக்கத் தெரிவதும் ஒரு தகுதியாக எழுதப்பட்டிருக்கிறது.

முந்த விடுதல் கை கால் வேலையே இல்லை. அது மனத்தின் வேலை. அதைச் சில நிமிடத்தில் எப்படிச் சோதிப்பது? இந்தச் சங்கடத்தை அரசும் உணர்ந்திருக்க வேண்டும். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளின்படி, இலகுரக வண்டிக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணிநேரப் பயிற்சி: வகுப்பறையில் 8, வண்டியில் 21. அங்கே தேறியவருக்கு அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லை. ஒரு கணத்தின் தீர்ப்பை விட்டு, விளையும் காலத்தின் பக்கம் சட்டம் ஓரடி நகர்ந்திருப்பதாக இதைப் படிக்கலாம்.

பக்குவம் உள்ளே விளைவதுதான் முழு விடை என்று வைத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் வருகிறது. பதினான்கு வயதில் அப்பாவின் டிராக்டரைச் சேற்றிலும் வரப்பிலும் ஓட்டுகிற பையன்கள் டெல்டா கிராமங்களில் இருக்கிறார்கள். பட்டணத்தில் ஐந்து வருடம் கார் ஓட்டியவரைவிட அவர்கள் கை தேர்ந்திருக்கும். திறமை இருக்கிறது, உரிமம் இல்லை. அப்படி ஒருவனைச் சாலைக்கு அனுப்பினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு அப்பாவைப் பிடிக்கும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஓட்டிய சிறுவருக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடையாது.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஓட்டுநர் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. தேர்வு அதிகாரிகள் பெட்ரோல் ரேஷன் வேலைக்குப் போனார்கள். அந்த மாதங்களில் பழகுநர்கள் துணையில்லாமலேயே ஓட்டலாம் என்று அரசு அனுமதித்தது. ஒரே இரவில் அவர்கள் திறமை கூடிவிடவில்லை. அனுமதி மட்டும் மாறியது.

ஆக, திறமை இருந்தும் உரிமம் இல்லாமல் போகலாம். திறமை முழுதாக வராமலே அனுமதி கிடைத்துவிடலாம். அப்படியானால் அந்தச் சின்ன அட்டை எதற்கான சாட்சி?

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் நடந்த விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. தெருவோரம் பூ விற்பவர், சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளை, கேன் சுமந்து சாலையைக் கடப்பவர் என எல்லோருமே முன்பின் தெரியாத ஓட்டுநர்களின் கவனத்தை நம்பித்தான் வெளியே வருகிறார்கள். 'இவர் என் பக்கமாக வண்டி ஓட்டலாமா' என்று அவர்களை யாரும் தனித்தனியாகக் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. அவர்கள் எல்லோர் சார்பிலும் ஒருவர் கேட்டு, ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமம் அந்தச் சம்மதம்தான். ஓட்டத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் பரிசாக அதை நினைப்பதால்தான் வாங்கியதும் பர்ஸில் வைத்து மறந்துவிடுகிறோம். அது அந்நியர்கள் நம் பெயரில் எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. டிராக்டர் ஓட்டும் பையனிடம் இல்லாதது கைத்திறன் இல்லை. அந்தச் சம்மதமும், தவறு நேர்ந்தால் பதில் சொல்லக்கூடிய வயதுமே அவனிடம் இல்லை.

கடன் என்றால் அது கிடைத்த நாளோடு கணக்கு முடியாது. பௌத்தத் துறவு மரபு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. சாமணேரர் எனப்படும் இளந்துறவி, இருபது வயது நிரம்பினால் உபசம்பதை பெற்று முழு பிக்கு ஆகலாம். சங்கம் கூடி ஏற்றுக்கொள்ளும் பெரிய நாள் அது. ஆனால் விநயம் எனும் துறவு ஒழுக்க விதி அவரை மறுநாளே தனியே விட்டுவிடுவதில்லை. தேர்ந்த பிக்குவாக இருந்தாலும் ஐந்து ஆண்டு ஓர் ஆசிரியரைச் சார்ந்தே வாழ வேண்டும். அந்தச் சார்புக்கு 'நிஸ்ஸயம்' என்று பெயர். அத்தனை ஆண்டுக்குப் பிறகும் தேர்ச்சி இல்லாதவருக்கு ஆயுள் முழுக்க நிஸ்ஸயம்தான். முழு உரிமை ஒரு நாளில் வருகிறது. தனிமை மெல்ல மெல்ல வருகிறது.

சில நாடுகள் சாலைக்கும் இதே முறையை வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருபத்தோரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பழகுநர் 120 மணிநேரம் துணையோடு ஓட்டியதைப் பதிவு காட்ட வேண்டும். தேறிய பிறகும் ஓர் ஆண்டு சிவப்பு 'பி', மூன்று ஆண்டு பச்சை 'பி' என்று தற்காலிக உரிமம். ஜப்பானில் புதிதாக உரிமம் பெற்றவர் ஓராண்டுக்குப் பச்சையும் மஞ்சளுமான தளிரிலைச் சின்னத்தைக் காரில் ஒட்டுகிறார். நம் ஊரில் 'எல்' போர்டைக் கழற்றிய அன்றே ஒருவர் நாற்பது ஆண்டு ஓட்டியவர்களோடு சரிசமமாகக் கலந்துவிடுகிறார். அவர் புதியவர் என்பதைச் சொல்லும் அடையாளம் எதுவும் வண்டியில் இல்லை. பின்னால் வருபவருக்கு ஹாரனை அழுத்தத் தோன்றும், பொறுத்துப்போகத் தோன்றாது. நமக்கும் ஒரு நிஸ்ஸய காலம் வேண்டும். அதைச் சட்டம் கொண்டுவரும்வரை, புதியவரைப் பார்த்தால் ஒரு கார் இடைவெளி விட்டு நிற்பதையாவது பின்னால் வருபவர்கள் தாங்களாகச் செய்யலாம்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையச் சேவையின் பெயர் 'சாரதி'. இலங்கைத் தமிழில் ஓட்டுநருக்கு இன்றும் சாரதி என்றுதான் பெயர். உரிமம் அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கனமான ஒரு மரபு இருக்கிறது. கடோபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. தேரில் ஏறி வருபவன் ஆன்மா. தேர் யாருக்காகப் போகிறதோ அவர் ஓட்டுவதில்லை; ஓட்டுபவர் இன்னொருவருக்காக ஓட்டுகிறார்.

திருவல்லிக்கேணிக் கோயிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் தழும்புகள் உண்டு. குருட்சேத்திரத்தில் அர்ச்சுனனுக்குத் தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட வடுக்கள் என்பது தலவரலாறு. ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுச் சாரதியாக அமர்ந்தவர், பின்னால் நிற்பவனுக்காக முன்னால் அமர்ந்து காயங்களை வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை மழுங்கச் செதுக்கி அழகாக்க எவரும் நினைக்கவில்லை. வடுவோடுதான் அலங்காரம், வடுவோடுதான் புறப்பாடு.

கார் பழகிய அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறையில் தேர்ச்சி கிடைத்தது. முதல் முறை ரிவர்ஸில் கம்பத்தைத் தொட்டுவிட்டார். அட்டை தபாலில் வந்த வாரம், கணவரோடு காரை எடுத்துக்கொண்டு சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனார். வண்டிக்கு அங்கே வந்து பூஜை போடுவது சென்னைக்காரர்களின் வழக்கம். பூசாரி மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன் டயருக்காகக் குனிந்தபோது அவர் தலை பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெண் அப்போது கியரைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பூசாரி நிமிர்ந்து ஓரமாக நகர்ந்து கைகாட்டிய பிறகே கிளட்ச்சில் கால் வைத்தார்.

மறுநாள் விடிகாலை, டயாலிசிஸ் நாள். கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. பின்கண்ணாடியில் 'எல்' ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் சதுரமாக மிச்சம். மாமியார் இடப்பக்க இருக்கையில் மெல்ல ஏறி, பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவ, மருமகள் எட்டி மாட்டிவிடுகிறார்.

"மெதுவாவே போம்மா."

"சரிங்கத்தை."

முதல் சிக்னலுக்கு முன்னால் பால் வண்டி ஒன்று குறுக்கே திரும்புகிறது. மாமியாரின் வலது கால் தன்னை அறியாமல் முன்னால் நீண்டு தரையை அழுத்துகிறது. அங்கே வெறும் மிதியடிதான் இருக்கிறது. கார் பால் வண்டிக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டது. மருமகளின் கால் பிரேக்கில் இருக்க, பார்வை கண்ணாடிக்குப் போய், பின்னால் வருபவரைப் பார்த்துவிட்டு, மறுபடி சாலைக்குத் திரும்புகிறது.